நான் முந்திக்கொண்டு செய்த ஜெபம்

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார், தங்கைமாருக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற போதகர் பேச வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். இது ஜெயித்த கதை. ஜெயித்தது நான் இல்லை என்பது மட்டும் ஒரு சின்ன விஷயம், அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் கம்பளையில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். கடைக்குள் கால் வைத்த ஆளை ஒரு கைக்குட்டையாவது வாங்காமல் வெளியே விடக் கூடாது என்று பார்த்து வளர்ந்தவன். போதகரான பின்பும் அந்தப் பழக்கம் போகவில்லை. என்னிடம் வந்தவர் யாரும் புத்திமதி வாங்காமல் திரும்பியதில்லை. வேலை, கல்யாணம், பிள்ளையின் படிப்பு, மாமியார், சர்க்கரை வியாதி, எதுவானாலும் இரண்டு நிமிடம் கேட்பேன், பதினைந்து நிமிடம் பேசுவேன், பிறகு "ஜெபம் பண்ணிருவோமா?" என்பேன். அதைக் கேட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எங்கள் சபைகளில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைவிட அது மரியாதையான வழி என்று நீங்களும் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஜெபத்திலும் விட மாட்டேன். சொல்லாமல் விட்ட புத்திமதி ஏதாவது மிச்சம் இருந்தால், ஆண்டவரிடம் சொல்வதுபோல் அதையும் சொல்லி முடிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஆளால் பதில் பேச முடியாது அல்லவா!

கண்டி நகரத்துச் சபையோடு, ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்த சின்ன ஆலயமும் சேர்த்து ஐந்து இடங்கள் என் பொறுப்பில் இருந்தன. தகரக் கூரை, பத்துப் பெஞ்சு, ஒரு கதிரை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் போய் ஆராதனை நடத்துவேன். மற்ற ஞாயிறுகளில் ஆலயம் பூட்டியிருக்கும். ஒரு தடவை ஒலிபெருக்கி களவு போனது. அன்றிலிருந்து சாவியைக் கண்டிக்கே கொண்டுவந்து, இருமல் மாத்திரை டப்பாவில் போட்டு, என் பைக்குள் வைத்துக்கொண்டேன். சாவியை எங்கே வைக்கலாம் என்று அங்கிருந்த யாரையும் நான் கேட்கவில்லை.

ஒரு நாள் அந்தத் தோட்டத்திலிருந்து செல்வராணி என்பவர் என்னைத் தேடிக் கண்டிக்கு வந்தார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் ஏறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க வராத கெழமைங்கள்ல அங்க ஆளுங்க..." என்று ஆரம்பித்தார்.

முறைப்பாடு வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"தெரியும்மா, தெரியும். கஷ்டமாத்தான் இருக்கும். நான் ஒரு ஆள், அஞ்சு எடம். என்ன செய்யச் சொல்றீங்க? எல்லாரும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்று தொடங்கி, ஊழியத்தின் பாரத்தைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டேன். பிறகு வழக்கம்போல் ஜெபம். "ஆண்டவரே, இந்தச் சகோதரிக்குப் பொறுமையைத் தாரும். அந்தத் தோட்டத்து மக்கள் எல்லாருக்கும் பொறுமையைத் தாரும்" என்று உருக்கமாகக் கேட்டேன். ஜெபம் முடிந்ததும் அவர் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஆராதனையில் கடைசிப் பெஞ்சில் இருந்தார், முடிந்ததும் பேசாமல் போனார். பொறுமை கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் கழித்துத்தான் எங்கள் சபையில் மூன்று நாள் பயிற்சி ஒன்று நடந்தது. போதகர்களுக்கான கோச்சிங் என்றார்கள். எனக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வந்தது. நடத்தியவர் எங்கள் சபையைச் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண், அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் அதிகாரி. பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், எழுதவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இவரிடம் நான் என்ன படிப்பது என்ற நினைப்போடுதான் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

அவர் சொன்ன விஷயம் சுலபமானது. ஒருவர் கவலையோடு வந்தால், பதிலைத் தூக்கிக் கொடுக்காமல் கேள்வி கேட்க வேண்டும். அவருக்குள் ஆண்டவர் ஏற்கனவே போட்டு வைத்திருப்பதை அவரே வாயால் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். சொன்ன பிறகு, அடுத்த அடி என்ன, எப்போது எடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் என்னைச் செய்து காட்டச் சொன்னார்கள். தம்பியோடு சண்டை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நாற்பது வினாடி தாக்குப்பிடித்தேன். "நீங்கள் ஏன் தம்பியோடு சமாதானமாகப் போகக் கூடாது?" என்று கேட்டேன்.

பயிற்சி நடத்தியவர் சிரித்தார். "ஐயா, நீங்கள் கேக்கிறது கேள்வி இல்லை. புத்திமதிக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறீங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், முகம் சிவந்துவிட்டது. தேநீர் நேரத்தில் அவரிடம் போய், "அப்படியானால் முடிவில் ஜெபமாவது பண்ணலாமா, அதுவும் கூடாதா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"பண்ணலாம், ஐயா. ஆனா உங்கட ஜெபத்தை நான் கனகாலமாக் கேட்டுக்கொண்டு இருக்கிறன். நீங்கள் ஆண்டவரோட கதைக்கிறீங்களோ, முன்னுக்கு நிக்கிற ஆளோட கதைக்கிறீங்களோ எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. ஒருக்கா அந்த ஆளையே ஜெபம் பண்ண விட்டுப் பாருங்கோ. என்ன கேக்கினம் எண்டு கேளுங்கோ."

பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. ஆனால் அவர் சொன்னது காதை விட்டுப் போகவும் இல்லை.

அடுத்த மாதம் சபைக் குழு கூடியது. ஹேவாஹெட்ட ஆலயத்துக்குப் பதினான்கு பேர்தான் வருகிறார்கள், கூரை ஒழுகுகிறது, போதகருக்கு முழங்கால் சரியில்லை, எனவே அங்கே ஆராதனையை நிறுத்திவிடலாம், விரும்புகிறவர்கள் கண்டிக்கு வரட்டும் என்று முடிவானது. கண்டிக்கு வர இரண்டு பஸ், அந்தக் கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் எப்படி வருவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உண்மையில், இனி அந்த ஏற்றத்தில் ஏற வேண்டியதில்லை என்று என் முழங்கால் ஆமென் சொன்னது. அந்த முடிவை எழுதித் தந்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அறிவிப்பதற்காகப் போனேன்.

அன்றைக்கு நல்ல மழை. பதினான்கு பேரும் வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து, "ஒரு விஷயம் பேச வேண்டும்" என்று சொல்லி உட்கார வைத்தேன். அந்த ஆலயத்தின் மூப்பர், தாவீது என்ற பெரியவர், நான் வாயைத் திறக்கும் முன்பே எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா என்ன சொன்னாலும் எங்களுக்குச் சரிங்க. நாங்க என்னத்தப் பேசப் போறோம்?"

தம்பிமாரே, இந்த வார்த்தையைக் கேட்டால் உஷாராக இருங்கள். நம்மை மதிக்கிறார்கள் என்று உள்ளம் குளிரும். பேசிப் பயனில்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டவர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். அந்த நிமிடம் எனக்குக் கடிதத்தை வாசிப்பதும், ஜெபம் பண்ணுவதும், பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிப்பதும் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! கை சட்டைப் பைக்குப் போனது. அப்போது கடைசிப் பெஞ்சில் செல்வராணி இருப்பதைப் பார்த்தேன். எதற்காக அன்று கண்டிக்கு வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாதே என்ற நினைப்பு திடீரென்று வந்தது.

கையை வெளியே எடுத்துவிட்டுக் கேட்டேன். "நான் வராத ஞாயிறுகளில் இங்கே என்ன நடக்குது?"

யாரும் பேசவில்லை. தகரத்தில் மழை கொட்டியது. மூப்பர் தரையைப் பார்த்தார். "ஜெபம் பண்ணிருவோமா" என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினேன். அந்த மௌனத்தைத் தாங்கியதுதான் நாற்பது வருட ஊழியத்தில் நான் செய்த கஷ்டமான வேலை. நீங்களும் செய்து பாருங்கள், மலை ஏறுவது சுலபம் என்பீர்கள்.

கடைசியில் முன்பெஞ்சுப் பாட்டி ஒருவர், "சொல்லிப்புடு செல்வராணி. எத்தன நாளைக்கு ஒளிக்கிறது?" என்றார்.

செல்வராணி எழுந்தார். "ஏசாதீங்கய்யா. நீங்க வராத ஞாயித்துக்கெழமைங்க பின்னேரம் நாலு மணிக்கு மடுவத்துல கூடுறோம். காலையில கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போறவங்க இருக்காங்க, தண்ணி எடுத்துத் துணி தொவைக்கிறவங்க இருக்காங்க. நாலு மணின்னா எல்லாருக்கும் தோதுப்படுது. பாடுவோம், வேதம் வாசிப்போம், நான் ரெண்டு கேள்வி கேப்பேன், ஆளுங்க பேசுவாங்க. நாப்பது, நாப்பத்தஞ்சு பேரு வருவாங்க."

நாற்பத்தைந்து பேர்! எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். கோபம். என் சபை, என் ஆடுகள், எனக்குத் தெரியாமல் ஒரு ஆராதனை. "யாரைக் கேட்டு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யாரை" வரைக்கும் வந்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தினேன். மூச்சை இழுத்துவிட்டு, "யாரையெல்லாம் பார்க்கலாம் அங்கே? யார் யார் வருவாங்க?" என்று கேள்வியைத் திருப்பிவிட்டேன். நான் வழுக்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆண்டவர் கவனித்திருப்பார், அவருக்கும் எனக்கும் அது பழகிப்போன விஷயம்.

செல்வராணியின் முகம் மலர்ந்தது. பெயர் பெயராகச் சொன்னார். காது கேட்காத தாத்தா, கொழும்பில் வேலை செய்து திரும்பிய இரண்டு பெண்கள், பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம், குடித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்து இப்போது குடிக்காமல் உள்ளே வந்து உட்காருகிற ஒருவர். அப்போதே இருபத்தைந்து வருடம் ஊழியத்தில் இருந்த எனக்கு என் ஆராதனைக்கு வந்த பதினான்கு பேரில் பாதிப் பேரின் பெயர்தான் தெரியும்.

"மடுவத்துல கூட அனுமதி?"

"தோட்டத்துத் தொரைகிட்டக் கேட்டேங்க. சுத்தமா வச்சிருந்தாச் சரின்னுட்டாரு."

"தொரைகிட்டக் கேட்டீங்க, என்கிட்டக் கேக்கலையே?"

"தொரைகிட்டக் கேக்கப் பயமில்லங்க, ஐயா."

பெஞ்சுகளில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. "அன்னைக்குக் கண்டிக்கு வந்தீங்களே, இதைச் சொல்லத்தானா?"

"ஆமாங்கய்யா. நீங்க வராத கெழமைங்கள்ல நான் வாசிச்சு நடத்தட்டுமான்னு கேக்க வந்தேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஜெபம் பண்ணிட்டீங்களே, ஐயா."

குறை சொல்கிற குரலே இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னார். அந்த இடத்தில் நான் அழுதேன். என் சொந்த ஜெபத்தால் ஒரு பெண்ணின் வாயை அடைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, இதை வாசிக்கத்தான் வந்தேன் என்று சொல்லி முழுவதையும் வாசித்தேன். பாட்டி தலையில் கை வைத்தார். மூப்பர் தாவீது முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சத்தமாக, "இத மூடுனா நாங்க எங்க போறது?" என்றார். அவருக்கும் பேச வந்துவிட்டது.

எனக்குப் பத்து யோசனை வந்தது. பத்தையும் விழுங்கினேன். "செல்வராணி, இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

"குழு எப்ப கூடும்?"

"வர்ற மாசம் முதல் சனிக்கிழமை."

"நான் வந்து பேசுறேன். மூப்பரும் வரட்டும். அதுவரைக்கும் ஒரு உதவிங்க. மழைக்கு மடுவத்துல எடம் பத்தல. இங்க பெஞ்சு சும்மா கெடக்குது. சாவி..."

இருமல் மாத்திரை டப்பாவைத் திறந்து சாவியைக் கொடுத்துவிட்டேன். முடிவை மறுபடி யோசிக்கும்வரை பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று கடிதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. "நீங்களே ஜெபம் பண்ணி முடிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். அவர் பொறுமை கேட்கவில்லை. தைரியம் கேட்டார், கூரைக்கு இரண்டு தகரம் கேட்டார், ஐயாவின் முழங்காலுக்குச் சுகம் கேட்டார். யாழ்ப்பாணத்து அம்மா சொன்னது சரிதான். ஒருவரை ஜெபம் பண்ண விட்டால் அவர் என்ன செய்யத் துணிந்துவிட்டார் என்பது தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்பது நல்ல பழக்கம் என்பதற்காக எல்லா இடத்திலும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். புருஷனிடம் அடிபட்டு ஓடி வருகிறவளிடம் "நீங்கள் இதைப் பற்றி என்ன உணர்கிறீர்கள்?" என்று கேட்கிறவனுக்கு ஊழியம் செய்ய உரிமையில்லை. கதவைத் திறவுங்கள், உள்ளே விடுங்கள், உதவி செய்யக்கூடியவர்களை அழையுங்கள். சாகக் கிடக்கிறவரிடமும் அடுத்த அடி என்ன என்று கேட்காதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். எது எந்த நேரம் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

குழு கூடிய சனிக்கிழமை நான் இரண்டு பக்கத்தில் ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தேன். செல்வராணிக்காக வாதாடப் போகிறேன்! வாசலில் யாழ்ப்பாணத்து அம்மா நின்றார். அவரும் குழுவில் இருந்தார்.

"கையில என்ன, ஐயா?"

"அவவுக்காகக் கொஞ்சம் பேசலாம் என்று..."

"அதை இஞ்ச தாங்கோ." வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்துவிட்டார். "அவ கதைப்பா. நீங்கள் இருங்கோ."

செல்வராணி நீலச் சேலை உடுத்து வந்திருந்தார். மூப்பர் கோட்டுப் போட்டிருந்தார். குழுவில் இருந்த வழக்கறிஞர் ஒருவர், நல்ல மனிதர்தான், கேட்டார்: "உங்களுக்குப் பிரசங்கம் செய்யத் தெரியுமா?"

"தெரியாதுங்க. வாசிப்பேன், கேள்வி கேப்பேன். பேசுறது அவங்க."

"அவர்கள் பிழையாக ஏதாவது பேசினால் யார் திருத்துவது?"

என் நாக்கு துடித்தது. கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். செல்வராணி அவரை மரியாதையாகப் பார்த்துத் திருப்பிக் கேட்டார்: "அதத்தான் நானும் கேக்க வந்தேங்க. எங்களுக்குச் சொல்லிக் குடுக்க உங்கள்ல யாரு வருவீங்க? எந்த ஞாயித்துக்கெழம வருவீங்க?"

அறை அமைதியாகிவிட்டது. இந்த மௌனத்தை நான் ரசித்து ருசித்து அனுபவித்தேன். வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். "இரண்டாவது ஞாயிறு எனக்குச் சரிவரும்" என்றார். கட்டுகஸ்தோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், "தகரம் நான் கொண்டுவந்து தாறேன், வெட்டி ஆணியடிக்க ஆளும் நான்தான்" என்றார். தலைவர் மூடுகிற தீர்மானத்தைக் கைவிட்டு, ஈஸ்டர் வரை, அதாவது உயிர்த்த ஞாயிறு வரை, நடத்திப் பார்க்கலாம் என்று எழுதச் சொன்னார். மூப்பர் தாவீது எழுந்து எல்லோருக்கும் கைகொடுத்தார், எனக்கு இரண்டு தடவை கொடுத்தார். வெளியே வந்ததும் யாழ்ப்பாணத்து அம்மா என் பேச்சைத் திருப்பித் தந்தார். நான் அதைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

உயிர்த்த ஞாயிறு ஆராதனை விடியற்காலையில் நடக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்தத் தோட்டத்தில் பின்னேரம் நாலு மணிக்கு நடந்தது. கண்டியிலிருந்து ஒரு வேன் நிறையக் குழு வந்தது. புதுத் தகரம் வெயிலில் மின்னியது. பத்துப் பெஞ்சும் நிறைந்து, ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். எண்ணுவதை நூறோடு விட்டுவிட்டேன். எனக்குக் கடைசிப் பெஞ்சில், செல்வராணி வழக்கமாக உட்காரும் மூலையில் இடம் கிடைத்தது. அவர் இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றி வாசித்தார். "கல்ல யாரு பொரட்டுவாங்கன்னு தெரியாமலே ஏன் போனாங்க?" என்று கேட்டார். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். காது கேட்காத தாத்தா எதையும் கேட்காமலே இரண்டு தடவை ஆமென் சொன்னார். அப்படி ஒரு ஆராதனையை நான் என் வாழ்நாளில் நடத்தியதில்லை, அன்றைக்கும் நடத்தவில்லை, அனுபவித்தேன்.

முடிகிற நேரத்தில் பழக்க தோஷம் என்னை விடவில்லை. எழுந்து, தொண்டையைச் செருமி, "சகோதர சகோதரிகளே, இந்த நல்ல நாளில் ஒன்றே ஒன்று மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

முன்னால் நின்ற செல்வராணி என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு.

"ஜெபம் பண்ணிருவோமா, ஐயா?" என்றார்.

ஆலயம் முழுவதும் கண்ணை மூடியது. நானும் மூடினேன், வேறு வழி?

"ஆண்டவரே, எங்க ஐயாவுக்குப் பொறுமையத் தாங்க" என்று அவர் தொடங்கினார்.

பெஞ்சுகள் சிரிப்பில் குலுங்கின. எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான்.